இடது காது

கதவைச் சாத்தியதும் ஊரே அணைந்துபோனது. பெர்க்மான்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. வெளியே இருந்தது யொங்தோ; பூசான் துறைமுகத்தின் வாயிலேயே, பாலங்களால் நகரத்தோடு கட்டிப்போட்ட தீவு. மேலே சரிவு முழுக்க வீடுகள், கீழே கரை முழுக்கக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள். அங்கே சத்தம் காற்று மாதிரி, இருக்கிறது என்றே யாரும் சொல்வதில்லை. துரு தட்டுகிற சுத்தியல், கிரைண்டர், கிரேன் மணி, செங்குத்துச் சந்தில் முனகிக்கொண்டு ஏறுகிற குட்டி பஸ், அந்த பஸ்ஸுக்கு வழிவிடாமல் நடுரோட்டில் நின்று பேசும் அம்மாக்கள். ஆறு வருஷமாக அதற்குள்ளேயே எழுந்து அதற்குள்ளேயே படுக்கிறவனுக்கு, இப்போது திடீரென்று ஒன்றுமே இல்லை. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு அட்டை, ஒரு நாற்காலி, நெஞ்சு உயரத்தில் கண்ணாடிச் சன்னல், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், அவள் தலைக்கு மேலே பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் காட்டும் கடிகாரம். கையில் பேனா அளவுக்கு ஒரு பட்டன் கொடுத்திருந்தாள். ஹெட்போனில் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் ஒரு தடவை இந்தப் பரீட்சை உண்டு. போன வருஷம் பட்டறை வாசலில் நின்ற வேனுக்குள் வைத்து, வெளியே ஆட்கள் பேசச் சிரிக்க, ஐந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் என்ன பார்த்தார்களோ, இந்தத் தடவை அவனை மட்டும் மலை மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் வலது காது. எங்கோ தூரத்தில் ஒருவன் பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி ஒரு ஒலி வந்தது, அழுத்தினான். கொஞ்சம் மெலிந்து வந்தது, அழுத்தினான். இன்னும் மெலிந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் தட்டுகிற இடம்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிடுகிறாள், கெட்டிக்காரி. பயந்துகொண்டு வந்தவனுக்குப் பயம்கூட மறந்து வேடிக்கையாகிவிட்டது. இந்தச் சத்தத்தை எப்படி இவ்வளவு சுத்தமாக உண்டாக்குகிறார்கள், தகடா, காந்தமா, ஹெட்போனின் வலையைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்? எதையும் திறந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது, அது பிறவிக் குணம். கல்யாணமான மூன்றாம் நாள் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் பரப்பி வைத்திருந்தவன். வாழ்நாளில் அவன் திறந்து பார்க்காத ஒரே இயந்திரம் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை வைத்துத்தான் பிழைப்பே. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு எஞ்சின் மக்கர் பண்ணினால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பானர் பையோடு வருவார்கள், பெர்க்மான்ஸ் முழ நீள ஸ்குரூ டிரைவரோடு வருவான். முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியை இடது காதில் அழுத்திக் கண்ணை மூடுவான். ஏன் இடது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது, வலது கை ஊன்றுவதற்கு வேண்டும் என்பதால் இருக்கலாம். கண்ணைத் திறக்கும்போது எந்த சிலிண்டர், எந்த பேரிங் என்று சொல்லிவிடுவான். அங்கே துறைமுகத்தை ஆழப்படுத்த வந்த ஒரு கொரியக் கப்பலில் அவன் அப்படிக் கேட்டு, மூன்றாவது என்று விரலைக் காட்டியபோது பக்கத்தில் நின்றவர்தான் பாக் பன்ஜாங். பன்ஜாங் என்றால் மேஸ்திரி. திறந்து பார்த்தால் மூன்றாவதேதான். அடுத்த வருஷம் அவனை யொங்தோவுக்கே வரவழைத்துவிட்டார். பெர்க்மான்ஸ் என்ற பேர் அவர் வாயில் நுழையவில்லை, அங்குள்ள ஒரு குடும்பப் பேர் மாதிரி பெக் என்று சுருக்கி அவனைப் பாதிக் கொரியனாக்கிவிட்டார். எங்கள் பெக்கின் காது டாக்டர் மெஷினைவிட நல்லது என்று கப்பல்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, அவர் சொல்லிலேயே இவன் பாதி ஊருக்குப் பிரபலம்.

அழுத்தினான், அழுத்தினான். வலது காது நன்றாகத்தான் இருக்கிறது. வலது நன்றாக இருக்கும் என்று அவனுக்கு முதலிலேயே தெரியும் என்றால், எது நன்றாக இல்லை என்றும் தெரியும் என்றுதானே அர்த்தம்? அந்தக் கேள்வியைச் சட்டென்று தள்ளிவிட்டு ரைஸ் குக்கரை நினைத்தான். அது ஒரு விசித்திரமான குக்கர். சோறு வெந்ததும் குருவி மாதிரி மூன்று தரம் கீச்சிடும் ரகம். மே மாதத்திலிருந்து கீச்சிடுவதை நிறுத்திவிட்டது. சோறு அடியில் பிடித்த பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றினான். உள்ளே பொட்டளவு பித்தளைத் தகடு, அதுதான் கீச்சிடுவது, துடைத்து மாட்டினான். சத்தம் வரவில்லை. அடுத்த ஞாயிறு புதுத் தகடு வாங்கி ஈயம் வைத்து ஒட்டினான். அப்போதும் வரவில்லை. ஆனால் அறையில் கூட இருக்கும் வியத்நாம்காரன் துவான் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, அண்ணா, போதும், காது வலிக்கிறது என்றான். பெர்க்மான்ஸ் சிரித்தான். அவன் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்று வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! குக்கர், பிறகு ஃபோன். ஊரிலிருந்து மனைவி ஜெனிட்டா பேசும்போது வார்த்தைகளின் ஓரமெல்லாம் தேய்ந்து வந்தது, சிக்னல் சரியில்லை என்றான். ஃபோனை மாற்றினான், சிம்மை மாற்றினான். பிறகு சில்வண்டு. ஆகஸ்ட் மாதம் இந்தத் தீவில் மரத்துக்கு மரம் சில்வண்டு கத்தும், மனுஷன் பேச முடியாது. இந்த வருஷம் பூச்சியே இல்லையே என்று டீ நேரத்தில் சொன்னான், ஆமாம் ஆமாம், ஊரே கெட்டுவிட்டது என்று பாக் பன்ஜாங்கும் தலையாட்டினார். போன வாரம்தான் ஜெனிட்டா முகத்துக்கு நேராகக் கேட்டாள். "எப்பப் பாத்தாலும் ஃபோன வலது பக்கத்துக்கே மாத்துதிய. சிக்னலு வலது பக்கம் மட்டும்தான் வருதா?" அதற்கும் அவன் சிரித்தான். குக்கர் கெட்டது, ஃபோன் கெட்டது, பூச்சி செத்தது, எல்லாம் சரி, காது மட்டும் பத்திரம். இதற்கெல்லாம் சாட்சி யார் என்றால் அதே காதுதான். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஹெட்போனுக்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்தது, இனி இடது காது என்றாள். நெஞ்சட்டையில் யூஞ்ஜி என்று பேர் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்திருந்தான். தடித்த ஒலிகள் வந்தன, அழுத்தினான். அப்பாடா, சும்மா பயந்தோம். ஒலி ஒரு படி மேலே ஏறியது, அழுத்தினான். இன்னொரு படி. அதற்குப் பிறகு வரவில்லை. வரும் என்று காத்திருந்தான், சன்னலில் அவள் குனிந்தபடியே இருந்தாள், எதையோ செய்துகொண்டுதான் இருந்தாள். ருஸ்தம் ஞாபகம் வந்தான். உஸ்பெக் நாட்டுக்காரன், நல்ல ஃபிட்டர். போன வருஷம் இதே பரீட்சைக் காகிதத்தில் ஏதோ எழுத்து விழுந்தது என்று பெயிண்ட் கொட்டகைக்கு மாற்றினார்கள், அங்கே டப்பாக்களைக் கலக்கிக்கொண்டு நின்றான், விசா முடியும் தேதி வந்ததும் யாரும் அவனுக்காக எழுதிக்கொடுக்கவில்லை, போய்விட்டான். பெயிண்ட் கலக்குகிறவனுக்காக எவன் விசா எழுதுவான்? பெயிண்ட் கலக்குவதுகூட இருக்கட்டும். படகுக்காரர்கள் வந்து நின்று, எங்கே பெக் என்று தேடி, வேறொருவன் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? வெட்கம், அதுதான் விஷயம், வேறென்ன. அப்போதுதான் பார்த்தான். கண்ணாடியில் அவள் முழங்கை தெரிகிறது. ஒலி கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முழங்கை இம்மியளவு இறங்குகிறது. வலது காதின்போது கவனித்திருக்கிறான் போலிருக்கிறது, எப்போது கவனித்தோம் என்றே தெரியாமல். முழங்கை இறங்கியது, அழுத்தினான். இறங்கியது, அழுத்தினான். காது போனால் கண் இருக்கிறது, ஆளைப் பார் ஆளை. ஒரு நிமிஷம் உள்ளூரக் குதூகலமாகக்கூட இருந்தது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை, நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று மிச்சம் இருந்தது. மூன்று எண்ணி அழுத்து, மூன்று எண்ணி அழுத்து, பாதியாவது தேறும். எண்ணினான், அழுத்தினான். குரல் வந்தது, கோபமே இல்லாமல். "நான் ஒலி கொடுக்காதபோதும் அழுத்துகிறீர்கள். ஏதாவது கேட்கிறதா?"

கேட்கிறதா? நல்ல கேள்வி, அவனுக்கும் அது தெரிய வேண்டும். விரலைத் தளர்த்திவிட்டுக் கேட்டான். கேட்கத்தான் செய்தது. மெல்லிசாக, நூல் மாதிரி, ஙீ என்று, விடாமல். ஒலி கொடுக்கிறாளா என்று முதுகைப் பார்த்தான், அவள் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஹெட்போனை லேசாகத் தூக்கினான், ஙீ. திரும்ப வைத்தான், ஙீ. மூச்சைப் பிடித்தான், ஙீ. அட, இது தெரிந்த சத்தமாயிற்றே. பட்டறையில் எப்போதும் இருக்கும், கம்ப்ரசர் பக்கத்திலிருந்து வருவது. அறையிலும் இருக்கும், அது ஃபிரிட்ஜ். நேற்று படகுக்குள்ளும் இருந்தது, அது பக்கத்துப் பட்டறையில் ஓடிய கிரைண்டர். இங்கே கம்ப்ரசர் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. இங்கே கதவைச் சாத்தினால் ஊரே வருவதில்லை. பின்னே இது எங்கிருந்து வருகிறது? ஒரு எஞ்சினில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்வான்? ஒவ்வொன்றாக நிறுத்துவான், எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இங்கே எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. மிச்சம் ஓடிக்கொண்டிருப்பது பெர்க்மான்ஸ் மட்டும்தான். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது, பயத்தில்தான் என்று சொல்ல முடியாது, பேரிங் எது என்று கண்டுபிடித்துவிடும்போது வருகிற அதே சிலிர்ப்பு. கெட்டது இது. சத்தம் போடுவதும் இதுவே. எத்தனை நாளாக இதை எங்கெங்கோ கொண்டுபோய் ஒட்டிக்கொண்டிருந்தான்! குக்கரையும் சில்வண்டையும் வலது காதுக்கும் எட்டாமல் மூடியது இதுவாகத்தான் இருக்கும். கிரைண்டர் என்று நினைத்தானே நேற்று. நேற்று. படகுக்குள்.

ஊன்யொங் என்ற அந்த மீன்பிடிப் படகு இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் புறப்படுகிறது. எட்டுப் பேர், கானாங்கெளுத்தி பிடிக்க, பத்து நாள். நேற்று சாயங்காலம் கேப்டன் கோ வந்து, எஞ்சின் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சமையல்காரன்தான் முழு வேகத்தில் போகும்போது சுவருக்குப் பின்னால் மெல்லிசாக விசில் கேட்கிறது என்கிறான், எதற்கும் பெக் ஒரு காது கொடுத்தால் தேவலை என்றார். சமையல்காரன் இந்தோனேசியாக்காரன், சுதிர்மான், ஒல்லியாக, கையெல்லாம் மஞ்சள் கறையோடு நின்றான். எஞ்சினை வேகமெடுக்கச் சொல்லிவிட்டு அதற்குக் காற்று ஊட்டுகிற டர்போமேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி இடது காதை வைத்தான் பெர்க்மான்ஸ். பேரிங் தேய்ந்தால் அங்கே விசில் வரும், மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே, மெல்லிசாக. வரவில்லை. ஙீ மட்டும், அது கிரைண்டர். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், சமையல்காரருக்குக் குக்கர் விசில் ஞாபகம் என்று ஒரு கேலியையும் எடுத்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சுதிர்மானும் சிரித்தான், ஆனால் சிரித்துக்கொண்டே அந்தச் சுவர்த் தகட்டில் காதை வைத்துவிட்டு இவனை ஒரு பார்வை பார்த்தான். மனுஷனுக்குக் கேட்டிருக்கிறது. அப்போதே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்காத காதை வைத்துக்கொண்டு கேட்கிறவனைக் கேலி செய்திருக்கிறான், என்ன ஒரு திமிர். டர்போ பேரிங் நடுக்கடலில் உடைந்தால் எண்ணெய் பழுக்கக் காய்ந்த குழாயில் சிந்தும், தீப்பிடிக்கும். தூத்துக்குடியில் ஒரு லாஞ்சு அப்படி எரிந்ததைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறான், போவதற்குப் படகு இருந்தும் போய்ச்சேர நேரமில்லை. ஆனால் ஒருவேளை பேரிங் நன்றாகவே இருக்கலாமே? சுதிர்மான் பிரமைக்காரனாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் பத்து நாளில் படகு திரும்பி வரும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மூன்று எண்ணி அழுத்தினால் காகிதமும் பாதி தேறும். கடிகாரத்தைப் பார்த்தான், பதினொன்றே கால் தாண்டிவிட்டது. பேரிங் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இல்லை விஷயம், நன்றாக இருக்கிறது என்று சொன்னவன் அதைக் கேட்கவில்லை, அதுதான் விஷயம். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூண்டின் கதவைத் தள்ளினான்.

ஊர் திரும்ப வந்துவிட்டது. காத்திருக்கும் அறையின் டிவி, யாரோ தும்மியது, சன்னலுக்குக் கீழே எங்கேயோ பட்டறைகளின் இடி. யூஞ்ஜி திரும்பிப் பார்த்தாள், அவன் இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் பாக் பன்ஜாங்கைக் கூப்பிட்டான். மூன்றாவது மணியில் எடுத்தார். பாக் பன்ஜாங் எப்போதும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, பலகை மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுகிறவர், அவர் வீட்டுச் சண்டைகூட பட்டறை முழுக்கத் தெரியும். இதுவும் தெரியப்போகிறது. "பன்ஜாங், ஊன்யொங்கை விட வேண்டாம்" என்றான் தன் அரைகுறைக் கொரிய மொழியில். ஏன் என்றார். அவர் பின்னால் சுத்தியல்கள் விழுந்துகொண்டிருந்தன. "நன்றாக இருக்கிறது என்று நேற்று சொன்னேன். நான் கேட்டுச் சொல்லவில்லை. என் இடது காதில் மேல் சத்தம் விழுவதில்லை, இப்போதுதான் தெரிந்தது. சமையல்காரருக்குக் கேட்டது நிஜமாக இருக்கும்."

திட்டப்போகிறார் என்று ஃபோனை வலது காதிலேயே இறுக்கிக்கொண்டு நின்றான். யாரோ சுத்தியலை நிறுத்தினார்கள், பக்கத்தில் இன்னொருவனும் நிறுத்தினான். பிறகு பாக் பன்ஜாங் பேசினார், வழக்கமான கத்தல் இல்லை. "எனக்கு ரெண்டு காதுலயும் மேல் சத்தம் போய் ஒன்பது வருஷம் ஆச்சு, பெக். அதனாலதானே உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன்." ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டுதான் சொன்னார், அத்தனை பேருக்கும் முன்னால். பெர்க்மான்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எதையும் செய்யவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கரையில் எத்தனை படகுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து நற்சான்று கொடுத்திருப்பார்கள், அதில் எத்தனை மே மாதத்துக்கு அப்புறம்? ஒவ்வொன்றாக முகம் காட்ட ஆரம்பித்தன, நீலப் படகு, இரட்டைப் படகு, அதிர்ஷ்டவசமாக எல்லாம் திரும்பி வந்தவை. இப்போது யார் கேட்பது என்று பாக் பன்ஜாங் கேட்டார், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கேட்க வேண்டாம், திறந்து பார்க்கலாம், முழு நாள் ஆகும், அரை மணியில் வருகிறேன் என்றான் பெர்க்மான்ஸ். கயிற்றை அவிழ்க்காதே என்று அவர் யாரிடமோ கத்தினார், கேப்டன் கோ பதிலுக்குக் கத்தினார், வசவுதான், அதில் பாதி இவனுக்குப் புரிந்தது. சுதிர்மான் அங்கே நின்றிருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும். போனதும் முதலில் அவனிடம்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே வந்தபோது யூஞ்ஜி காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் வந்தாலும் சரிதான் என்றாள். வேண்டாம், இடது காதை மட்டும் முதலிலிருந்து எடுங்கள், முன்னே அழுத்தியதை அடித்துவிடுங்கள் என்றான். அவள் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு இடது காதுக் காகிதத்தைக் கிழித்துப் புதுசு ஒன்றை வைத்தாள். கூண்டுக்குள் போய் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அவனே கதவை இழுத்துச் சாத்தினான். ஊர் போயிற்று. ஙீ இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் கூடவே இருக்கப்போகிறது, அதற்கும் வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை மூடினான். இப்போது அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது, எந்தப் படிவரை இருக்கிறது, எந்தப் படியில் போனது. தடித்த ஒலி வந்தது, அழுத்தினான். அடுத்தது வந்தது, அழுத்தினான். அதற்கும் அடுத்தது தயங்கித் தயங்கி வந்தது, நிச்சயம்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பிறகுதான் அழுத்தினான். அதற்குப் பிறகு வெகுநேரம் அவன் அழுத்தவேயில்லை.